தட்டின் மேல் ஒரு தடம்

எங்கள் ஆஸ்பத்திரியில் அக்காவின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. பூச்சியக்கா என்றால் வாசலில் சைக்கிளுக்கு டோக்கன் கொடுப்பவர்கூட எழுந்து வந்து வழி காட்டுவார். முதல் மாடி, நடைபாதையின் கடைசி அறை, கழிப்பறைக்கு அடுத்த கதவு. வெளியே மாட்டியிருந்த மலப் பரிசோதனை என்ற பலகையை யாரோ வேண்டுமென்றே சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவார்கள். அக்கா தினமும் காலையில் வந்ததும் அதை நேராக்கிவிட்டுத்தான் உள்ளே போவார்.

இருபத்து நான்கு வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது, புதுசாக வந்தவர் என்பதால் அந்த அறையில் தள்ளினார்கள். ஆறு மாதம் மட்டும் என்று சொன்னார்கள். ரத்தம் பார்க்கிற பிரிவுக்கு மாற்றுகிறோம் என்று இரண்டு முறை கடிதம்கூட வந்தது. முதல் முறை அக்காவுக்குப் பிரசவ விடுப்பு. இரண்டாம் முறை அக்காவே வேண்டாம் என்றுவிட்டார்.

“எல்லாரும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடுற இடம்டி இது. யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க, யாரும் விரட்ட மாட்டாங்க. எனக்கும் என் மைக்ராஸ்கோப்புக்கும் நடுவுல ஒரு ஈ காக்கா கிடையாது” என்பார்.

நான் கீழே மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்தேன். மதியச் சாப்பாடு எனக்கும் அவருக்கும் என் அறையில்தான். கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்கார்வார். உட்கார்ந்ததும் அன்றைக்குப் பார்த்த புழுக்களின் கதை ஆரம்பிக்கும். முதல் ஒரு மாதம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு, அக்கா விடுப்பில் போன நாட்களில்தான் சாப்பாடு சப்பென்று இருந்தது.

ஒருநாள் நான் கேட்டேன். “ஏன்க்கா, தூசி போனாலே தும்முறோம். முள்ளு குத்தினா சீழ் வைக்குது. இவ்வளவு நீளப் புழு உள்ளே உட்கார்ந்திருக்கே, உடம்பு என்ன தூங்குதா?”

அக்கா கையை உதறிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குப் பிடித்த கேள்வி.

“தூங்கலை. தூங்க வைக்குது. உடம்புக்குள்ள சண்டை போடுற அணுக்கள் இருக்கிற மாதிரி, போதும் நிறுத்துன்னு சொல்ற அணுக்களும் இருக்கு. அதுங்க இல்லேன்னா நம்ம உடம்பு நம்மளையே கடிச்சுத் தின்னுரும். புழு என்ன பண்ணுதுன்னா, தன் உடம்புலேருந்து என்னென்னவோ சுரந்து விடுது. அந்தச் சுரப்பு பட்டதும் நிறுத்துன்னு சொல்ற கூட்டம் பெருகிடும். ஆபத்துன்னு கத்தவேண்டியது வாயை மூடிக்கும். உடம்பும், சரி, இதோட மல்லுக்கு நின்னு குடலைப் புண்ணாக்கிக்கிறதைவிட இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுடும்.”

“அப்போ சமாதானம்னு சொல்லுங்க.”

“சமாதானம்தான். ஆனா ரெண்டு பக்கமும் ஒரு கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் இருக்கு. உடம்பு இதை ஒரேயடியாப் பெருக விடாது. இதுவும் உடம்பை ஒரேயடியா முழிக்க விடாது. அப்படியே வருஷக்கணக்கா ஓடும்.”

இதைச் சொன்னபோது அவர் குரல் ஏன் தணிந்தது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பிறகு ஒரு நாள் அவரே சொன்னார்.

நான் வேலைக்குச் சேர்வதற்குப் பல வருடம் முன்பு, தரைக்குக் கல் பதிக்கும் மேஸ்திரி ஒருவர் மூச்சிரைப்போடு வந்திருக்கிறார். எப்போதாவது வயிற்று வலியும் உண்டு என்பதால் மலப் பரிசோதனைக்கும் எழுதியிருந்தார்கள். அக்கா ஒரு ஸ்லைடு பார்த்தார். ஒன்றும் தென்படவில்லை என்று எழுதிக் கொடுத்தார். மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். அந்த மாத்திரை உடம்பின் சண்டைக்காரர்களை உட்கார வைக்கும். மேஸ்திரிக்கு முதலில் நன்றாகத்தான் இருந்தது. ஆறாவது வாரம் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு நாளில் போய்விட்டார். அவருடைய சளியை அக்கா பார்த்தபோது, கண்ணுக்குத் தெரியாத குட்டிப் புழுக்கள் நூற்றுக்கணக்கில் நெளிந்துகொண்டிருந்தன.

அது ஒரு நூல் போன்ற புழு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவர்களின் தோலைத் துளைத்து ஏறும். மற்றக் குடல்புழுக்களின் முட்டையோ குட்டியோ வெளியே போய் வந்தால்தான் அடுத்த தலைமுறை. இதற்கு அந்தச் சிரமமே இல்லை. உள்ளேயே பிறந்து, உள்ளேயே வளர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கூட்டத்தைப் புதுப்பித்துக்கொண்டே நாற்பது ஐம்பது வருடம்கூட இருந்துவிடும். காவல் இருக்கும்வரை அடங்கி இருக்கும். ஸ்டீராய்டு காவலை எடுத்துவிட்டால் கட்டு மீறிப் பெருகி, நுரையீரல் வரை எல்லா இடத்துக்கும் ஏறிவிடும்.

“நான் எழுதினது பொய்யில்லடி. அந்த ஸ்லைடுல நிஜமாவே ஒண்ணும் இல்லை. ஒரு சொட்டுல இல்லேன்னா ஆள்கிட்டயே இல்லேன்னு ஆயிடுமா? அதை நான் யோசிக்கலை” என்றார் அக்கா. அதற்குப் பிறகு அவர் எந்த ரிப்போர்ட்டிலும் வெறுமனே ஒன்றும் தென்படவில்லை என்று எழுதியதில்லை. இந்த ஒரு மாதிரியில் தென்படவில்லை என்று எழுதுவார். மேலே இருப்பவர்கள் இரண்டு வார்த்தை ஏன் அதிகம் என்று கேட்டும் விடவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் குஷன் கடை வைத்திருந்தார். பஸ் சீட், ஆட்டோ சீட், சோபா எல்லாம் தைப்பார். எப்போதும் சட்டைப் பையில் வளைந்த ஊசியும் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பும் இருக்கும் மனிதர். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இவர்கள் இருவரும்தான். சாயங்காலம் அக்காவை அழைத்துப் போக ஸ்கூட்டரில் வருவார். காத்திருக்கிற நேரத்தில் எங்கள் ஆஸ்பத்திரி பெஞ்சில் கிழிந்திருக்கும் ரெக்சினைத் தைத்துக்கொண்டிருப்பார். யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அவருக்கு ஐம்பத்தேழு வயதில் கால் வீங்கியது. முதலில் செருப்பு வார் அழுந்திய தடம் மறையாமல் இருந்தது. அப்புறம் காலையில் கண் இமை உப்பியது. ஒரு வாரத்தில் பேன்ட் பொத்தான் போடமுடியவில்லை.

“கல்யாணம் ஆனதுலேருந்து ஒல்லி ஒல்லின்னு குறை சொன்னியே, இப்போ பாரு” என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாராம்.

அக்கா சிரிக்கவில்லை. மறுநாளே இழுத்துக்கொண்டு வந்தார். சிறுநீரில் புரதம் கொட்டிக்கொண்டிருந்தது. சிறுநீரக டாக்டர் ஒரு சின்னப் பெண், கெட்டிக்காரி, எப்போதும் வேகமாக நடப்பவர். படுக்கையில் சேர்த்து, ஊசியால் சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துச் சோதித்து, பயப்படும்படி ஒன்றுமில்லை, மருந்துக்கு நன்றாகக் கேட்கும் வகைதான் என்றார். மருந்துச் சீட்டை எழுதினார். அந்தச் சீட்டோடு அக்காவே என் ஜன்னலுக்கு வந்தார்.

நான் வாங்கிப் பார்த்தேன். ஸ்டீராய்டு. பெரிய அளவு, பல வாரங்களுக்கு. டப்பாவை எடுக்கத் திரும்பினேன்.

“இரு” என்றார் அக்கா.

திரும்பிப் பார்த்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

“அவர் இடுப்புல ஒரு கோடு வரும்டி” என்றார். “சிவப்பா, தடிப்பா. அரிக்கும். காலையில இங்க இருக்கும், மதியம் பார்த்தா நாலு விரல் தள்ளிப் போயிருக்கும், மறுநாள் இருக்காது. வருஷத்துல ரெண்டு மூணு தடவை. ரெக்சின் ஒத்துக்கலைன்னு நெனச்சு எண்ணெய் தடவி விடுவேன். இருபத்தெட்டு வருஷமாத் தடவி விட்டுக்கிட்டிருக்கேன்.”

“அதுக்கென்னக்கா?”

“அது ரெக்சின் இல்லடி. தோலுக்கடியில ஓடுற புழு. சின்ன வயசுல செங்கல் சூளையில மண் மிதிச்சவர் அவர். பன்னெண்டு வயசுலேருந்து ஏழு வருஷம். வெறுங்கால்.”

ஊருக்கெல்லாம் புழு பார்த்துச் சொன்னவர், வீட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை. வருடா வருடம் என் ஜன்னலில்தான் பூச்சி மாத்திரை வாங்கிப் போய்ப் புருஷனுக்குக் கொடுத்தார். அந்த மாத்திரை மற்றப் புழுக்களுக்கு நன்றாக வேலை செய்யும். இந்த நூல்புழு ஒரு வேளை மாத்திரைக்கெல்லாம் பெரும்பாலும் அசைந்து கொடுக்காது.

அக்கா சீட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு மாடி ஏறினார். நானும் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனேன்.

டாக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். “அக்கா, நீங்க சொல்றது புரியுது. ஆனா ரத்தத்துல பெரிசா ஒண்ணும் காட்டலையே.”

“ஈசினோஃபில் ஏழு இருக்கு டாக்டர். ஆறுதான் எல்லை.” புழுவோ ஒவ்வாமையோ இருந்தால் ரத்தத்தில் கூடுகிற அணு அது.

“ஏழு, தூசியில வேலை செய்ற யாருக்கும் இருக்கும். சரி, எதுக்கு வம்பு, அந்தப் புழுவுக்கான மாத்திரையைக் கொடுத்துட்டே ஆரம்பிப்போமே?” என்று என்னைப் பார்த்தார்.

அந்த மாத்திரை அப்போது எங்களிடம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்கவேண்டும். கூடவே ரிப்போர்ட் வைக்காவிட்டால் தாள் அப்படியே திரும்பி வரும். வெளியே எந்தக் கடையிலும் கிடைக்காத காலம் அது. இதைச் சொன்னேன்.

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “எத்தனை நாள் வேணும் உங்களுக்கு?”

“அஞ்சு.”

“நாலு நாள் தரேன். நீர் போற மருந்து கொடுத்துச் சமாளிக்கிறேன். அதுக்கு மேல தள்ளினா ரத்தம் கட்டிக்கும், நோய்க்கிருமி பிடிக்கும். நாலாவது நாள் என்ன வந்தாலும் வராட்டாலும் ஆரம்பிச்சுருவேன். சரியா?”

“சரி டாக்டர்” என்றார் அக்கா. எந்நேரமும் கேலி பேசும் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தைதான் வந்தது.

அடுத்த சிக்கல் அவருடைய வீட்டுக்காரர். வெள்ளை மூடி போட்ட டப்பாவை அக்கா கட்டில் ஓரமாக வைத்ததும், மனிதர் போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டார்.

“உன்கிட்டயா? இதைப் போய் உன்கிட்ட கொடுக்கிறதா? வேற ஆளே இல்லையா இந்த ஆஸ்பத்திரியில?”

“இதைப் பார்க்கிறதுக்கு வேற ஆள் இல்லை. பிள்ளையோட துணியத் துவைச்சபோது நீங்களும் நானும்தானே துவைச்சோம்?”

“பிள்ளை வேற, நான் வேற. கொஞ்சமாவது மரியாதை மிச்சம் இருக்கட்டும்டி எனக்கு.”

“உங்க மரியாதையெல்லாம் அந்த டப்பாவுக்குள்ள அடங்காது. கொடுங்க.”

அவர் கொடுக்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் வந்து ஜன்னலைத் திறந்தால், என் மேஜையில் பழைய செய்தித்தாளில் நான்கு சுற்றுச் சுற்றி, ரெக்சின் தைக்கிற நூலால் கட்டி, ஒரு பொட்டலம். மேலே பேனாவால், ‘தங்கச்சி, தயவுசெய்து மேலே கொடுத்துவிடவும்’ என்று எழுதியிருந்தது. மாடி ஏறிக் கொடுத்தேன். முடிச்சைப் பார்த்ததுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாளாகச் சிரிக்காதவர் அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தார். நூலை வெட்டாமல் நிதானமாக அவிழ்த்து எடுத்து வைத்துக்கொண்டார்.

முதல் நாள் ஆறு ஸ்லைடு பார்த்தார். ஒன்றும் இல்லை. ஸ்லைடை மட்டும் நம்புவதில்லை என்று முன்பே தீர்மானித்திருந்தார். கிருமி வளர்க்கும் பிரிவிலிருந்து கஞ்சி உறைந்தது மாதிரி இருக்கும் கல்ச்சர் தட்டுகளைக் கேட்டு வாங்கி, நடுவில் கொஞ்சம் மாதிரியை வைத்து, மூடி ஒட்டி, தேதி எழுதினார். புழு உயிரோடு இருந்தால் தட்டின் மேல் ஊர்ந்து போகும். போகிற வழியெல்லாம் கிருமிகளை இழுத்துக்கொண்டு போகும். இரண்டு மூன்று நாளில் அந்தக் கிருமிகள் வளர்ந்து புள்ளி புள்ளியாகக் கோடு தெரியும். புழு கண்ணில் படாவிட்டாலும் அது போன பாதை தெரிந்துவிடும்.

இரண்டாம் நாள் பொட்டலம் வந்தது. எட்டு ஸ்லைடு. இல்லை. இன்னொரு தட்டு. மூன்றாம் நாள் பத்து ஸ்லைடு. இல்லை. அக்காவின் கண் கீழ் இமை வீங்கிச் சிவந்திருந்தது. டாக்டர் நடைபாதையில் என்னைப் பார்த்து, “அக்கா சாப்பிட்டாங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அவரும் ஒவ்வொரு நாளும் வீக்கத்தை அளந்துகொண்டுதான் இருந்தார்.

அன்று மதியம் அக்கா சாப்பிட வரவில்லை. வார்டில் போய்ப் பார்த்தேன். கட்டிலோரம் உட்கார்ந்து வீட்டுக்காரரின் வீங்கிய பாதத்தை மடியில் வைத்திருந்தார். கல் பதிக்கிற மேஸ்திரியின் கதையை முதல் தடவையாக அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருடமும் அதை வீட்டுக்கு எடுத்துப்போகவில்லையாம். நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன்.

கேட்டு முடித்ததும் அவர், “அந்த ஆளோட பேரு ஞாபகம் இருக்கா?” என்றார்.

“இருக்கு.”

“இத்தனை நாள் அவரை நீ ஒருத்தியாவே தூக்கிச் சுமந்தியா?” என்று சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கமாக நகர்ந்து இடம் விட்டார். “படு. அரைமணி நேரம் படு. நர்ஸ் வந்தா நான் சொல்லிக்கிறேன்.”

அக்கா அந்தக் குறுகிய கட்டிலில், ஆஸ்பத்திரி கோட்டோடு, ஒருக்களித்துப் படுத்தார். நான் சத்தமில்லாமல் கீழே வந்துவிட்டேன்.

நான்காம் நாள் காலை எட்டேகாலுக்கு மாடியிலிருந்து என் பெயரைச் சொல்லி ஒரு குரல். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. செருப்பு மாட்டாமல் ஓடினேன்.

முதல் நாள் தட்டில் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் தட்டை அக்கா வெளிச்சத்துக்குச் சாய்த்துக் காட்டினார். நடுவிலிருந்து கிளம்பி, வளைந்து, ஓரம்வரை போய், மறுபடி திரும்பி, பொடிப்பொடிப் புள்ளியாக ஒரு கோடு. பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் மூன்று கோடுகள். கோட்டின் நுனியில் நுண்ணோக்கியை வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். கண்ணாடி இழை மாதிரி ஒன்று, அவசரமே இல்லாமல், நெளிந்துகொண்டிருந்தது.

“இதுதானாக்கா?”

“இதுதான்.” அக்கா அழுதுகொண்டே சிரித்தார். “இது வந்து சேர்ந்தபோது அவருக்கு மீசைகூட முளைக்கலை. நான் வந்தது அதுக்கப்புறம் எத்தனையோ வருஷம் கழிச்சு. அந்த வீட்டுல எனக்கு சீனியர்டி இது!”

ரிப்போர்ட்டை அவரே எழுதினார். நான் கோரிக்கை எழுதி, டாக்டர் கையெழுத்துப் போட்டு, ஆஸ்பத்திரி வேன் போய், மறுநாள் மதியம் மாத்திரை வந்தது. டாக்டர் தன் கெடுவைத் தள்ளி வைத்தார். மாத்திரையை ஜன்னல் வழியாகக் கொடுக்காமல் நானே வார்டுக்கு எடுத்துப் போனேன்.

வீட்டுக்காரர் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். “நாற்பது வருஷத்துக்கு மேலே என் உடம்பைச் சமாதானமா வச்சிருந்திருக்கு, ஒரு சண்டை சச்சரவு இல்லாம. உன்னாலகூட அது முடியலையே” என்று அக்காவைப் பார்த்தார்.

“முழுங்குங்க” என்றார் அக்கா.

இரண்டு நாள் மாத்திரை, இரண்டு வாரம் கழித்து மறுபடி இரண்டு நாள். முதல் சுற்று முடிந்ததும் ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள். அந்த வாரங்கள் முழுக்க அக்கா காய்ச்சல் இருக்கிறதா என்று அவர் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில், நெற்றி தேய்ந்துவிடும் என்று அவர் புகார் சொன்னார். காய்ச்சல் வரவில்லை. மூன்றாவது வாரம் கால் வடிந்து எலும்பு தெரிந்தது. முகம் மட்டும் ஸ்டீராய்டால் உருண்டை ஆயிற்று. அதுவும் சில மாதங்களில் பழையபடி வந்தது. அதற்குப் பிறகு தட்டுகளில் கோடு விழவில்லை. இடுப்பிலும் விழவில்லை. டாக்டர் தன் பிரிவில், ஸ்டீராய்டு ஆரம்பிக்கும் முன் மண்ணில் வெறுங்காலோடு வேலை செய்ததுண்டா என்று கேட்கவேண்டும் என ஒரு வரி எழுதி எல்லோர் மேஜைக்கும் கொடுத்தார்.

வீட்டுக்காரர் நடமாட ஆரம்பித்ததும் செய்த முதல் காரியம் ஒன்று உண்டு. சூளையில் தன்னோடு மண் மிதித்தவர்களைத் தேடிக்கொண்டு கிளம்பினார். ஏழு பேர். இரண்டு பேர் இறந்துவிட்டிருந்தார்கள். ஒருவர் எங்கே என்று தெரியவில்லை. மீதி நான்கு பேரையும் ஸ்கூட்டரில் ஒவ்வொருவராக ஏற்றி வந்து, ஒரு வியாழக்கிழமை காலை, தான் தைத்த அந்த பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்தார். ஒருவர் தோட்டக்காரர், ஒருவர் லாரியில் மூட்டை தூக்குபவர், மற்ற இருவர் வீட்டோடு இருந்தார்கள். நான்கு பேர் மடியிலும் வெள்ளை மூடி டப்பா. நான்கு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எனக்கு ஒரு வியாதியும் இல்லப்பா. நல்லாத்தானே இருக்கேன்” என்றார் தோட்டக்காரர்.

“நானும் நல்லாத்தான் இருந்தேன். அந்தப் புழுவுக்கு அதுதான் வேணும், நீ நல்லா இருக்கிறதாவே நெனச்சுக்கிட்டு இருக்கணும்.”

“இல்ல... பொம்பளைங்க கையில எப்படிக் கொடுக்கிறது?”

“நானே கொடுத்தேன். என்ன குறைஞ்சுபோச்சு?” என்றார் நான்கு சுற்றுச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டிய மனிதர். நான் ஜன்னலுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குள் மாடிப்படியில் அக்கா இறங்கி வந்தார். கோட்டுப் பையில் பேனா, கையில் ஒரு தட்டு அடுக்கு. நான்கு பேரையும் பார்த்துவிட்டு, பெஞ்சின் ஓரத்தில் தானும் உட்கார்ந்துகொண்டார்.

“வாங்கண்ணே. கால்ல இப்போவெல்லாம் செருப்புப் போடுறீங்களா?” என்று முதலில் அதைத்தான் கேட்டார்.

அந்த நான்கு பேரில் இரண்டு பேருக்குப் புழு இருந்தது.